அண்ணாமலையார் ஊரின் வாக்கு: ஒரு விசாரணை

புண்ணிய ஸ்தலம் என்று பெயர் பெற்ற ஊரில் வாழும் ஜனங்கள், சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்கும் கட்சிக்கே இயல்பாகச் சாய்வார்கள் என்றும், கடவுள் மறுப்பை ஒரு காலத்தில் தம் கொள்கையாகக் கொண்டிருந்த இயக்கத்தின் வழித்தோன்றல்களை அவர்கள் அருகில் சேர்க்கமாட்டார்கள் என்றும் கருதுவது, தேசத்தின் பல பாகங்களிலும் அரசியல் பேசுவோரிடையே வேரூன்றிவிட்ட அபிப்பிராயம். பஞ்சபூத ஸ்தலங்களுள் அக்கினி ஸ்தலமாக விளங்குவதும், கார்த்திகை மாதத்து மகாதீபத்தன்று இலட்சக்கணக்கான பக்தர்களைத் தன் மலையடிவாரத்தில் சேர்ப்பதும், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதையும் மனித வெள்ளமாக்குவதும், ரமண மகரிஷியால் உலகின் பல மூலைகளிலும் அறியப்பட்டதுமான திருவண்ணாமலை, இந்த அபிப்பிராயத்திற்கு முற்றிலும் மாறான சரித்திரத்தை உடையது. சுதந்திர இந்தியாவின் இரண்டாவது பொதுத் தேர்தலிலேயே திராவிட முன்னேற்றக் கழகத்திற்கு இடம் கொடுத்த ஊர் அது. 1996 முதல் 2021 வரை நடந்த ஆறு சட்டமன்றத் தேர்தல்களிலும் அக்கழகத்தைத் தவிர வேறு யாரையும் அது தேர்ந்தெடுக்கவில்லை. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்குப் புகுமுன், திருவண்ணாமலை என்ற ஒரே பெயரின் கீழ் நான்கு வட்டங்கள் ஒன்றையொன்று சூழ்ந்து கிடக்கின்றன என்பதை நினைவில் இருத்த வேண்டும். முதலாவது நகரம்: 1886இல் நகராட்சியாகி, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,45,278 பேரைக் கொண்டிருந்து, 2024இல் சுற்றுப்புற ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியாக உயர்ந்தது. இரண்டாவது, நகரத்தோடு கிராமங்களையும் உட்கொண்ட சட்டமன்றத் தொகுதி. மூன்றாவது, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், செங்கம், திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், கலசபாக்கம் என்ற ஆறு சட்டமன்றத் தொகுதிகளால் ஆன மக்களவைத் தொகுதி. இவற்றுள் முதலிரண்டும் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. நான்காவது, பழைய வடஆற்காடு ஜில்லாவிலிருந்து 1989இல் பிரிக்கப்பட்ட மாவட்டம். மக்களவைத் தேர்தலின் முடிவைப் பார்த்துவிட்டு, மாடவீதிகளில் குடியிருப்போரின் மனப்போக்கு இதுதான் என்று தீர்ப்புக் கூறுகிறவர்கள், ஜோலார்பேட்டை ரயில் நிலையத்தருகே வசிப்பவரின் வாக்கையும் சின்னக்கடைத் தெரு வியாபாரியின் வாக்கையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். இந்தக் குழப்பம் பத்திரிகைகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது.

1952இல் வடஆற்காட்டின் அரசியலை உருவாக்கியது காங்கிரஸும் அதை எதிர்த்த பிராந்திய உணர்ச்சியும் மட்டுமல்ல. வன்னியர் சமூகத்தின் ஆதரவைப் பெரிதும் பெற்றிருந்த, மாணிக்கவேலு நாயக்கர் தலைமையிலான காமன்வீல் கட்சி வடஆற்காட்டிலும் செங்கற்பட்டிலும் செல்வாக்கோடு விளங்கிற்று; தென்னாற்காட்டில் ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி அதே காரியத்தைச் செய்தது. பின்னர் மாணிக்கவேலு ராஜாஜியின் மந்திரிசபையிலும், படையாட்சியார் காமராஜரின் மந்திரிசபையிலும் இடம் பெற்றபோது, அவ்விரு கட்சிகளின் தனித்தன்மையும் காங்கிரஸில் கரைந்தது. ஆனால் கட்சி கரைந்தாலும் அதை ஆதரித்த ஜனங்கள் எங்கும் போய்விடவில்லை. தங்களுக்கென்று ஒரு குரல் வேண்டும் என்ற அவர்களுடைய எண்ணம் பல்லாண்டுகள் அடங்கிக் கிடந்து, வேறொரு உருவில் பிற்காலத்தில் வெளிப்பட்டது.

1957இல் தி.மு.க. முதன்முதலாகப் பொதுத் தேர்தலில் இறங்கியபோது, அங்கீகாரம் பெறாத கட்சியாதலால் அதன் அபேட்சகர்கள் சட்டத்தின் பார்வையில் சுயேச்சைகளாகவே நின்றார்கள். சட்டமன்றத்திற்குச் சென்ற பதினைவருள் திருவண்ணாமலையின் ப.உ. சண்முகமும் ஒருவர். மக்களவைக்குச் சென்றவர்களோ இருவரே: நாமக்கல்லில் ஈ.வெ.கி. சம்பத், திருவண்ணாமலையில் இரா. தருமலிங்கம். கழகத்தின் குரல் டில்லியில் முதன்முதல் ஒலித்தபோது அதில் பாதி இந்தத் திருத்தலத்தின் குரல் என்பதை, இவ்வூரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அன்று கழகத்திடம் பணமில்லை; அதிகாரமில்லை. படிப்பகங்களும் நாடக மேடைகளும் தெருமுனைக் கூட்டங்களுமே அதன் செல்வம். கோயில் வாசலில் தேங்காய் பழக்கடை வைத்திருப்பவரும், நெல் அரைக்கும் ஆலைகளில் கூலிக்கு உழைப்பவரும், அன்றுதான் பள்ளி இறுதிப் பரீட்சை தேறி வெளிவந்த இளைஞரும் அக்கூட்டங்களில் நின்று கேட்டது ஆண்டவன் உண்டா இல்லையா என்ற விவாதத்தை அல்ல. தாங்கள் பேசும் பாஷையிலேயே, அதுவும் அழகிய பாஷையில், தங்கள் வறுமையையும் தங்கள் மானத்தையும் பற்றிப் பேசியவர்களை அவர்கள் அங்கே கண்டார்கள்.

இந்தச் சரித்திரத்தில் மிகவும் கவனிக்கத்தக்க கட்டம் 1962 முதல் 1967 வரையிலான ஐந்து வருஷங்கள். 1962இல் மக்களவைத் தொகுதியில் தருமலிங்கம் மீண்டும் வென்றார். சட்டமன்றத் தொகுதியிலோ காங்கிரஸ் வென்றது. சீனப் படையெடுப்பு நிகழ்ந்து, அண்ணா பிரிவினைக் கோரிக்கையை ஒத்திவைத்து, கழகத்தின் எதிர்காலம் என்னவாகும் என்று பலரும் ஐயுற்றிருந்த சமயத்தில், 1963இல் திருவண்ணாமலையில் இடைத்தேர்தல் வந்தது. ஆளுங்கட்சியின் பலம் முழுவதும் எதிரே நின்றும், ப.உ. சண்முகம் வெற்றி பெற்றார். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி காமராஜர் முதலமைச்சர் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குச் சென்றார். அவரது பெயரால் வழங்கும் திட்டத்திற்குத் திருவண்ணாமலைத் தோல்வியே வித்து என்று கூறுவோர் பலர். அகில இந்தியக் காரணங்கள் பலவற்றோடு சேர்த்தே அந்தத் திட்டத்தை மதிப்பிட வேண்டும் என்பது என் எண்ணம். ஆயினும், காங்கிரஸ் வேரிலேயே தளர்ந்துவருகிறது என்ற உண்மையைக் கூரிய பார்வையுடைய அத்தலைவருக்கு உணர்த்திய நிகழ்ச்சிகளுள் இந்த இடைத்தேர்தலும் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை.

இதனினும் வியப்பானது அடுத்து நடந்தது. 1967இல் மாகாணம் முழுவதிலும் காங்கிரஸ் சாய்ந்தது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். ஸ்ரீபெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார். அந்தப் பேரலையின் நடுவே, நான்கு வருஷங்களுக்கு முன் காங்கிரஸைத் தோற்கடித்த திருவண்ணாமலை காங்கிரஸைத் தேர்ந்தெடுத்தது! 1971இல் ப.உ. சண்முகம் அத்தொகுதியை மீட்டு மந்திரியுமானார்; பிற்காலத்தில் அவர் எம்.ஜி.ஆரின் கட்சிக்குச் சென்று அதன் பொதுச் செயலாளராகவும் இருந்தார். பொதுவான அலை எப்படி அடித்தாலும் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கிற சுபாவம் இவ்வூருக்கு அன்றே அமைந்திருந்தது என்று நான் கருதுகிறேன். ஆகவே, இது ஆதியிலிருந்தே ஒரு கட்சியின் கோட்டை என்று இன்று மேடைகளில் கூறப்படுவது சரித்திரத்திற்குப் பொருந்தாது. 1984இல் இந்திரா காந்தியின் மறைவுக்குப் பின்னும், 1991இல் ராஜீவ் காந்தியின் மறைவுக்குப் பின்னும் அண்ணா தி.மு.க.வின் துணையோடு காங்கிரஸே இங்கு வென்றது. இடையில் 1989இல், எம்.ஜி.ஆர். மறைந்து அவர் கட்சி இரண்டாகப் பிளந்து நின்றபோது, தி.மு.க.வின் கு. பிச்சாண்டி வென்றார். அதாவது 1991 வரையில் இது ஊசலாடும் தொகுதியே.

கோட்டை எழுந்தது 1996க்குப் பின். பிச்சாண்டி 1996, 2001, 2006 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றார். தொகுதி மறுசீரமைப்பில் தண்டராம்பட்டு மறைந்து கீழ்பென்னாத்தூர் பிறந்தபோது அவர் அங்கே செல்ல, தண்டராம்பட்டில் வென்றுவந்த எ.வ. வேலு திருவண்ணாமலைக்கு வந்து 2011, 2016, 2021 தேர்தல்களில் வென்றார். இவற்றுள் 2001, 2011, 2016 ஆகிய மூன்றிலும் மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்தது அண்ணா தி.மு.க. என்பதைக் கவனிக்க வேண்டும். 2011இல் மாவட்டத்தின் எட்டுத் தொகுதிகளில் ஏழு அண்ணா தி.மு.க., தே.மு.தி.க. கூட்டணிக்குச் சென்றன, எஞ்சிய ஒன்று திருவண்ணாமலை. 2016இல் எட்டில் ஐந்தையும், 2021இல் ஆறையும் தி.மு.க. பெற்றது. ஆளுங்கட்சியோடு ஒட்டிக்கொண்டால்தான் ஊருக்கு நன்மை வரும் என்று எண்ணி வாக்களிக்கும் ஜனங்கள் என்று இவ்வூராரைச் சொல்ல முடியாது.

வடமாவட்டங்களின் தேர்தலைப் பற்றி எழுதுவோர் எல்லாவற்றையும் வன்னியர் வாக்கு ஒன்றினாலேயே விளக்கிவிட முயல்வதுண்டு. காமன்வீல் கட்சியின் காலத்து உணர்ச்சி, 1980இல் தோன்றிய வன்னியர் சங்கத்தின் மூலமும், 1987 செப்டம்பர் சாலை மறியல் போராட்டத்தின் மூலமும், 1989இல் டாக்டர் ராமதாஸ் நிறுவிய பாட்டாளி மக்கள் கட்சியின் மூலமும் புத்துயிர் பெற்றது உண்மை. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு இருபது சதவீத ஒதுக்கீடு கிடைத்தது அதன் அரும்பயன். ஆனால் திருவண்ணாமலைத் தொகுதியின் முடிவுகளை அக்கட்சியின் கூட்டணி மாற்றங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொரு உண்மை தென்படும். 2001இல் பா.ம.க. எதிரணியில் இருந்தது, தி.மு.க. வென்றது. 2006இலும் 2011இலும் தி.மு.க. அணியிலேயே இருந்தது, தி.மு.க. வென்றது. 2016இல் தனித்து நின்றது, அப்போதும் தி.மு.க. வென்றது. 2021இல் மீண்டும் எதிரணிக்குச் சென்றது, தி.மு.க.வே வென்றது. மக்களவையில் 2009இல் பா.ம.க.வே நேராக நின்று, அதன் முக்கியத் தலைவருள் ஒருவரான காடுவெட்டி குருவை நிறுத்தியபோதும் தி.மு.க.வின் த. வேணுகோபால் வென்றார். ஆகையால், பெரும்பான்மைச் சமூகம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு ஒரே இடத்தில் இறக்கப்படுகிறது என்னும் கருத்து இங்கு நிற்காது. அச்சமூகத்தினரின் வாக்குகளே கட்சிவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆதிதிராவிடர், செங்குந்தர், அகமுடையர், ரெட்டியார், யாதவர், இஸ்லாமியர் எனப் பல சமூகத்தார் கலந்து வாழும் நகரத்தில், யாரும் தனித்து வெல்ல முடியாது. எல்லோரோடும் பேசத் தெரிந்தவனுக்கே இடமுண்டு.

இன்னொரு காரணத்தைப் பிறர் அதிகம் குறிப்பிடுவதில்லை. எனக்கோ அதுவே பிரதானமாகப் படுகிறது. 1984 முதல் 2021 வரை ஒரு முறைகூட அண்ணா தி.மு.க.வின் இரட்டை இலைச் சின்னம் இத்தொகுதியில் வெற்றி பெற்றதில்லை. 1984இலும் 1991இலும் அக்கட்சி இடத்தைக் காங்கிரஸுக்கு விட்டுக்கொடுத்தது. 2021இல் பாரதீய ஜனதா கட்சிக்கு விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுத்த இடத்தில் கட்சித் தொண்டனுக்குச் சொந்தச் சின்னத்துக்காக வீடுவீடாக ஏறி இறங்கும் ஆர்வம் எப்படி நிலைக்கும்? எதிர்த்தரப்பிலோ, ஒவ்வொரு வட்டத்திலும் பெயர் தெரிந்த ஓர் ஆள், இழவு வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் தவறாமல் வருகிறவர், ஆஸ்பத்திரிக்கும் தாலுகா ஆபீசுக்கும் துணைக்கு வருகிறவர் என்று ஓர் அமைப்பு இருபத்தைந்து வருஷங்களாகக் கட்டுக்கோப்பாக நிற்கிறது. 2021இல் வெற்றி வித்தியாசம் தொண்ணூறாயிரம் வாக்குகளுக்கும் மேற்பட்டது. அதை ஒரு சித்தாந்தம் மற்றொரு சித்தாந்தத்தை வென்றதாக மட்டும் படிப்பது பாதி உண்மையே. உழைக்கும் அமைப்பு உழைக்காத அமைப்பை வென்றது என்பது மறுபாதி.

இனிப் பக்தியைப் பற்றி. அண்ணா, திருமூலர் வாக்கை எடுத்தாண்டு, தம் கட்சியைக் கடவுள் மறுப்பின் கடுமையிலிருந்து விலக்கிக்கொண்ட நாளிலிருந்தே, கோயிலுக்குப் போகிறவன் கழகத்துக்கு வாக்களிப்பதில் முரண் எதுவும் இருப்பதாகச் சாதாரண ஜனங்கள் கருதவில்லை. தீபத்தன்று நெற்றி நிறைய விபூதியோடு மலையை நோக்கிக் கைகூப்புகிறவர் மறுநாள் கறுப்பு சிவப்புக் கரை வேட்டியோடு கட்சிக் கூட்டத்தில் அமர்வது இவ்வூரில் எவருக்கும் ஆச்சரியம் தருவதில்லை. 2002இல் மத்திய தொல்லியல் துறை அருணாசலேசுவரர் கோயிலைத் தன் பாதுகாப்பின் கீழ்க் கொண்டுவர முயன்றபோது, கட்சி பேதமின்றி ஊரார் எதிர்த்தார்கள், முயற்சி கைவிடப்பட்டது. அப்போது டில்லியில் ஆண்டது பாரதீய ஜனதா தலைமையிலான கூட்டணி. கோயில் தங்களுடையது, அதை வெளியார் எவரும் எடுத்துக்கொள்ளலாகாது என்ற உரிமையுணர்ச்சிதான் இங்குள்ள பக்தியின் அரசியல் வடிவம். அது எந்தக் கட்சிக்கும் அடிமையாகவில்லை.

வடநாட்டோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவுபடும். காசி மக்களவைத் தொகுதி 1991 முதல், 2004 நீங்கலாக, பாரதீய ஜனதாவின் வசமே இருந்துவருகிறது. அங்கே ஸ்தலமும் வாக்கும் ஒரே திசையில் ஓடுகின்றன. ஆனால் அயோத்தி அடங்கிய பைசாபாத் தொகுதியிலோ, 2024 ஜனவரியில் ராமர் கோயில் பிரதிஷ்டை நடந்த சில மாதங்களுக்குள், சமாஜ்வாதி கட்சியின் அவதேஷ் பிரசாத் என்ற தலித் தலைவர் பொதுத் தொகுதியிலேயே வென்றார். சாலை அகலப்படுத்தலில் வீடும் கடையும் இழந்தோரின் மனக்குறையும், சமூகங்களின் புதிய சேர்க்கையும் அங்கே கோயிலைவிட வலுவாகப் பேசின. அதே ஆண்டு திருவண்ணாமலை மக்களவைத் தொகுதியில் தி.மு.க.வின் சி.என். அண்ணாதுரை இரண்டாம் முறை வென்றார், அண்ணா தி.மு.க. இரண்டாமிடம், பாரதீய ஜனதா, பா.ம.க.வின் கூட்டுடனும், மூன்றாமிடம். 2019இல் மூன்று இலட்சத்தைத் தாண்டிய அவரது வித்தியாசம், 2024இல் இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். அலையற்ற ஊர் என்று இத்தொகுதி முழுவதையும் கருதிவிடலாகாது. 2014இல் ஜெயலலிதா தமிழகத்தின் 39 இடங்களில் 37ஐப் பெற்றபோது, அவர் கட்சியின் வனரோஜாவே இங்கும் வென்றார்.

ஸ்தலத்தின் பெருமையை உலகறியச் செய்பவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை என்பது மற்றொரு விசேஷம். கிரிவலப் பாதையில் தங்கும் சாதுக்களில் பெரும்பாலோர், ரமணாசிரமத்தருகே மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டார், சமீப வருஷங்களில் ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பெருந்திரளாக வரும் யாத்திரிகர்கள், அவர்களுக்காக எழும் விடுதிகளில் முதல் போடும் வெளியூர்த் தனவந்தர்கள் ஆகிய இவர்களால் ஊரின் பொருளாதாரம் மாறுகிறது; வாடகையும் நிலவிலையும் ஏறுகின்றன; சாக்கடையும் குடிநீரும் போக்குவரத்தும் திணறுகின்றன. அதன் சுமையைத் தாங்குபவரே வாக்காளர். மறுபுறம், வாக்குள்ள பலர் ஊரில் இல்லை. கட்டட வேலைக்காகப் பெங்களூருக்கும் சென்னைக்கும் போன குடும்பங்கள் வாக்குப் பதிவுக்கு முந்தின இரவு பஸ்களில் நின்றுகொண்டே வந்து சேருகின்றன. இவ்விரு கூட்டத்தாருக்கும் இடையே, விருந்தினரை உபசரிக்கும் வீட்டுக்காரனின் நிலையில் ஊரார் இருக்கிறார்கள். அவர்களுடைய கோரிக்கைகள் ஆன்மிகத்தைப் பற்றியவை அல்ல; குழாயில் தண்ணீர், மலைச்சரிவில் உள்ள குடிசைக்குப் பட்டா, பௌர்ணமியன்று தன் தெருவுக்குள் தானே நுழைய வழி, இவ்வளவே.

2024 டிசம்பர் முதல் தேதி பெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடி ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. அடிவாரத்தில் குடியேறியவர்கள் யார், அவர்களுக்கு மாற்று இடம் கொடுக்காமல் வாக்காளர் பட்டியலில் மட்டும் இடம் கொடுத்தவர்கள் யார் என்ற கேள்வி எல்லாக் கட்சிகளையும் சாரும். அதற்கு முந்திய ஆண்டு ஜனவரியில், தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில், தலைமுறை தலைமுறையாகத் தடுக்கப்பட்டிருந்த ஆதிதிராவிட மக்கள் அதிகாரிகளின் துணையோடு ஊர் அம்மன் கோயிலுக்குள் முதன்முறையாகச் சென்று பொங்கல் வைத்தார்கள். பகுத்தறிவின் பெயரால் வாக்குப் பெற்றவர்களும் பக்தியின் பெயரால் வாக்குக் கேட்பவர்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாக உலவிய பிரதேசத்தில், அந்தக் கதவு திறக்க 2023 வரை காத்திருக்க நேர்ந்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரே கட்சி தொடர்ந்து வெல்லும் இடத்தில் அக்கட்சிக்கும் அச்சமில்லை. தோற்றுப் பழகிய கட்சிக்கும் ஊக்கமில்லை. இடையில் நிற்பவன் வாக்காளன். கோட்டை என்ற சொல்லைப் பெருமையாகக் கொள்பவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் இதுவரை கூறியவை தொகுதியின் மொத்த முடிவுகளைக் கொண்டு செய்த அனுமானங்கள். சந்நிதித் தெருச் சாவடியும் மலையடிவாரக் குடிசைப் பகுதிச் சாவடியும் ஒரே விதமாக வாக்களிக்கின்றனவா, மாநகராட்சியில் புதிதாகச் சேர்ந்த ஊராட்சிகள் பழைய நகரத்தினின்று வேறுபடுகின்றனவா என்பதை, ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் தேர்தல் அதிகாரி வெளியிடும் படிவம் 20 என்ற சாவடிவாரிக் கணக்கைக் கொண்டே உறுதியாகச் சொல்ல முடியும். அந்தக் கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு உரியது. திருவண்ணாமலைக் கல்லூரிகளில் அரசியலும் சரித்திரமும் பயிலும் மாணவர்கள், ஆளுக்குப் பத்துச் சாவடியாகப் பிரித்துக்கொண்டு, 2009 முதல் நடந்த தேர்தல்களின் கணக்கைத் தெருவாரியாக எழுதி, அத்தெருக்களில் வாழ்வோரைச் சந்தித்துக் காரணங்களைக் கேட்டுப் பதிவு செய்ய முன்வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.